பழைய வீட்டுச் சுவரில் விரிசலா? பூசாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயில் குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி. தாத்தா 1930-களில் வாங்கியபோதே அது பழைய வீடுதானாம். ஒன்றரை அடிச் சுவர், தேக்கு உத்திரம், மேலே மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பால் கட்டிய பழைய மொட்டை மாடி. பின்கட்டில் சமையலறைக்கும் துணி துவைக்கும் முற்றத்துக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு விரிசல், மேல் மூலையில் தொடங்கி செங்கல் வரிகளுக்கு நடுவே படிக்கட்டு மாதிரி இறங்கி ஜன்னல் வரை வந்திருந்தது. அதை மூன்று தடவை சிமெண்ட் வைத்துப் பூசினோம். மூன்று தடவையும் அடுத்த கார்த்திகை மழை முடிவதற்குள் அதே கோட்டில் திறந்துகொண்டது. நாலாவது தடவை வந்த மேஸ்திரி சுண்ணாம்பு வேலையில் ஊறிய பெரியவர், கரண்டியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. விரிசலுக்குள் நகத்தை விட்டுப் பார்த்துவிட்டு, "செவுரு இன்னும் நடந்துகிட்டு இருக்கு தம்பி. அது நிக்கட்டும், அப்புறம் பூசலாம்" என்றார்.

இந்தக் குறிப்பு முழுக்க அந்தப் பேச்சின் விரிவுதான். பழைய செங்கல் சுவர் ஏன் நகர்கிறது, நகர்கிறதா நின்றுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, நிற்க வைப்பது எப்படி, நின்ற பிறகு விரிசலைக் கம்பியும் சாந்தும் வைத்துத் தைப்பது எப்படி, இந்த வரிசையில்தான் போக வேண்டும். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கடைசி வேலையை முதலில் செய்துவிட்டு, செலவழித்த பணம் எங்கே போனது என்று சுவரைப் பார்த்து நிற்கிறார்கள்.

விரிசலைப் படிப்பது

எல்லா விரிசலும் அஸ்திவாரக் கோளாறு இல்லை. முதலில் அது பூச்சில் மட்டும் இருக்கிறதா, செங்கல் வரை போயிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைத் தட்டி எடுத்தால் தெரிந்துவிடும். பூச்சில் மட்டும் வலை மாதிரி கீறல் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை, பூச்சு வேலையோடு முடிந்துவிடும்.

செங்கல் வரை போயிருந்தால் அகலம் எங்கே அதிகம் என்று பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறுகியும் இருந்தால் பெரும்பாலும் சுவரின் ஓரம் அல்லது மூலை கீழே இறங்குகிறது. கீழே அகலம், மேலே குறுகல் என்றால் சுவரின் நடுப்பகுதி இறங்குகிறது. கதவுக்கோ ஜன்னலுக்கோ மேலே மட்டும் விரிசல் கிளம்பியிருந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டாதீர்கள், மேலே சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டையை, அதாவது மர லிண்டலைக் கரையான் அரித்திருக்கிறதா என்று ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வெளியே வர்ணம் பளபளப்பாக இருக்கும், உள்ளே கருவி கைப்பிடி வரைக்கும் போகும்.

தளத்துக்குக் கீழே சுவர் நெடுக ஒரே மட்டத்தில் படுக்கையாக ஓடும் விரிசல் வேறு வகை. பழைய மெட்ராஸ் டெரஸை எடுத்துவிட்டு காங்கிரீட் தளம் போட்ட வீடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். பத்து மீட்டர் நீளக் காங்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும், ராத்திரி மறுபடி சுருங்கும். சென்னை மே மாத வெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. கீழே இருக்கும் சுண்ணாம்புச் சுவர் அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் அந்த மட்டத்தில் பிரிகிறது. இதற்கு மருந்து மாடியில்தான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டு முதலில் சூட்டைக் குறையுங்கள்.

பழைய சுவரும் பின்னால் சேர்த்துக் கட்டிய குளியலறைச் சுவரும் சேருமிடத்தில் நேர்க்கோடாக நிற்கும் விரிசல், அநேகமாக இரண்டின் செங்கல்லையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பல் விட்டுக் கட்டாததால் வந்தது. புதுச் சுவரின் அஸ்திவார ஆழம் குறைவாக இருந்தால் அது தனியாக இறங்கும்.

ஒரு விஷயத்தில் தயங்கவே கூடாது. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால், விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வெளியே துருத்திக்கொண்டு நின்றால், விரிசல் 15 மில்லிமீட்டரைத் தாண்டினால், உத்திரத்தின் நுனி சுவரிலிருந்து வெளியே நழுவி வந்திருந்தால், நேற்று வரை மூடிய கதவு இன்று திடீரென்று நிலையில் பிடித்தால், அந்த அறையைக் காலி செய்யுங்கள், முட்டு கொடுங்கள், பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். ஒன்றரை அடிச் சுவர் என்பது பல இடங்களில் வெளியே ஒரு வரிசை நல்ல செங்கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் மண்ணும் உடைகல்லும்தான். வயிறு தள்ளினால் அந்த இரண்டு வரிசையும் பிரிந்துவிட்டது என்று பொருள். அது சொல்லிக்கொண்டு விழாது.

அளப்பது

மேலே சொன்ன ஆபத்து எதுவும் இல்லையென்றால் அவசரப்படாதீர்கள். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று செங்கல்லில் சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ இரண்டை இறக்குங்கள், பூச்சில் இல்லை. ஒரு பக்கம் மேலும் கீழுமாக இரண்டு, எதிர்ப்பக்கம் ஒன்று என முக்கோணமாக மூன்று வைத்தால், விரிசல் திறக்கிறதா, இல்லை ஒரு பக்கம் கீழே வழுக்குகிறதா என்றும் தெரியும். மில்லிமீட்டரில் நுணுக்கமாக அளக்கும் டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை, எப்போதும் காலை ஏழு மணி போல ஒரே நேரத்தில், ஸ்க்ரூ தலைகளுக்கு நடுவே அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வெயில் ஏறியபின் அளந்தால் சுவரின் சூடும் கணக்கில் கலந்துவிடும். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள், நீண்டால் கோட்டைத் தாண்டும். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பது பழைய வழக்கம், தப்பில்லை. ஆனால் அது உடைந்தது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

எத்தனை நாள் பார்ப்பது? குறைந்தது ஒரு கோடை, ஒரு வடகிழக்குப் பருவமழை. சித்திரையில் தொடங்கினால் தை வரை. இது அதிகம் போலத் தோன்றும், ஆனால் சென்னையின் மண் அப்படி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும், பிறகு ஐந்தாறு மாதம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். களிமண் தண்ணீர் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் எழுந்தது, வேளச்சேரி பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டியது, இப்படிப்பட்ட இடங்களில் விரிசல் கோடையில் திறந்து மழையில் மூடினால் அது மண் மூச்சுவிடுவது. எங்கள் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மாதிரிக் கடலோர மணலில் அந்தச் சுருக்கமெல்லாம் இல்லை. மணலுக்கு வேறு பலவீனம்: ஓடுகிற தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் சுவரில் ஸ்க்ரூ தலைகளுக்கு நடுவே சித்திரையில் 60.8 மில்லிமீட்டர். ஆவணியில் 61.3. ஐப்பசியில் 61.9, தையில் 62.4. திறந்து மூடவில்லை, ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தது. மழை இல்லாத மாதங்களிலும் நகர்ந்ததுதான் முக்கியமான துப்பு. மழை காரணம் இல்லையென்றால் வீட்டுக்குள்ளிருந்தே தண்ணீர் போகிறது.

தண்ணீரைத் தேடுவது

பழைய வீட்டுச் சுவர் நகர்ந்தால் நான் இப்போதெல்லாம் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுகிறேன். சுவரிலிருந்து பத்தடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள்: சம்பு எனும் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் இருந்தால் அது, மாடித் தண்ணீர் இறங்கும் குழாய், கிணறு, மரம், பக்கத்து வீட்டில் தோண்டிய பள்ளம். மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானபோது அவசரத்தில் சுவரை ஒட்டியே குழி வெட்டிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. மழைநீர் சேகரிப்பு மிக நல்ல காரியம், அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் மூன்றடி ஆழச் செங்கல் அஸ்திவாரத்தின் காலடியில் கொட்டக் கூடாது. குழியைத் தள்ளிப் போடுங்கள், இடமில்லையென்றால் குழாயைத் திருப்பிப் பழைய கிணற்றில் விடுங்கள்.

சம்பைச் சோதிப்பது சுலபம். ராத்திரி நிரப்பி வால்வை மூடி மட்டத்தைக் குறித்துவிட்டு, யாரும் மோட்டார் போடாமல் பார்த்துக்கொண்டு காலையில் பாருங்கள். கழிவுநீர்க் குழாய்க்கு, கடைசித் தொட்டியில் குழாய் வாயைத் துணி சுற்றிய சாக்கால் இறுக்கி அடைத்துவிட்டு மேலிருந்து தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் குழாய் எங்கோ பிளந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் மட்டம் கண்ணெதிரிலேயே இறங்கியது. சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டினோம். இதில் கவனம் வேண்டும்: குழி சின்னதாக, ஒரே ஒரு இடத்தில், அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல், மழை இல்லாத நாளில். சுவர் நெடுகத் தோண்டினால் நீங்களே அதைத் தள்ளிவிடுவீர்கள். இரண்டரை அடியில் மணல் ஈரமாக வந்தது. துணி துவைக்கும் கல்லில் சொட்டு நீலம் கரைத்து ஒரு வாளி ஊற்றச் சொன்னார் மேஸ்திரி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, குழியின் பக்கவாட்டில் மணல் நீலமாக ஊறி வந்தது, கூடவே சோப்பு வாசனை. கடைசிச் செங்கல் வரிக்கு அடியில் கையை விட்டேன், முழங்கை வரை போனது. அங்கே மண்ணே இல்லை. அந்தக் காலத்து மண் குழாயில் ஒரு இணைப்பு விலகி, எத்தனையோ வருஷத் துவைக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மணலை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. நாங்கள் மேலே சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தோம்.

குழாயைப் பிவிசிக்கு மாற்றி, இணைப்புகளைச் சோதித்து மூடினோம். பொந்தை நிரப்புவது இன்ஜினியர் கூட நின்று செய்ய வேண்டிய வேலை: மூன்றடிக்கு மேல் போகாத துண்டுகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாகத் திறந்து, அடியில் காங்கிரீட்டை நன்றாக உள்ளே தள்ளி அடைத்து, அது ஒரு வாரமாவது இறுகிய பிறகுதான் பக்கத்துத் துண்டைத் திறக்க வேண்டும். சீக்கிரம் முடிக்கலாம் என்று இரண்டை ஒரே நாளில் திறக்கச் சொல்லும் ஆளை அனுப்பிவிடுங்கள்.

மரம் பற்றி இரண்டு வார்த்தை. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி இழுக்காதீர்கள், வேர் செங்கல்லோடு வரும். வெட்டிவிட்டு, அந்தப் பகுதியின் செங்கல்லைக் கழற்றி வேரை முழுவதும் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். களிமண் பகுதியில் சுவரருகே பெரிய வேம்பு நின்றால் அதைச் சட்டென்று வெட்டுவதும் ஆபத்து. அது குடித்துக்கொண்டிருந்த தண்ணீரெல்லாம் மண்ணில் தங்கி, மண் உப்பிச் சுவரை மேலே தூக்கும்.

தைப்பது

காரணத்தைச் சரிசெய்த பின் மறுபடி அளவு எடுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் எண் அசையவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம். தை, மாசி, பங்குனி இதற்கு உகந்த மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் சுண்ணாம்பை உறிஞ்சிவிடும் அளவுக்கு ஏறியிருக்காது.

முதலில் உத்திரத்துக்குக் கீழே சவுக்குக் கட்டையோ இரும்பு ஜாக்கியோ வைத்து முட்டு கொடுங்கள். தரையில் பலகை போட்டு அதன் மேல் நிறுத்துங்கள், பழைய ரெட்டாக்சைடு தரையில் நேராக நிறுத்தினால் அது குழிந்துவிடும். விரிசலின் இரண்டு பக்கமும் இரண்டடிக்குப் பூச்சை எடுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டாம், அந்த அதிர்வில் நல்லாயிருக்கும் சாந்தும் உதிரும். கையுளி போதும்.

உடைந்த செங்கல்லை மாற்றுவதானால் கீழிருந்து மேலே, ஒரு தடவை மூன்று நாலு வரிக்கு மேல் திறக்காமல் மாற்றுங்கள். இடித்த வீட்டுச் செங்கல் சென்னையில் விலைக்குக் கிடைக்கிறது, அளவு ஒத்துப்போகும். தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். வைப்பதற்கு முன் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள்.

அடுத்தது கம்பி. ஸ்க்ரூ மாதிரி முறுக்கிய 6 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி, ஹெலிகல் பார் என்று கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். கிடைக்கவில்லையென்றால் நீளம் முழுக்க மரை போட்ட 304 அல்லது 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ராடு போதும், பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சாதா இரும்புக் கம்பியை மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். கடல் காற்றில் அது துருப்பிடித்து உப்பி, நீங்கள் தைத்த இடத்தையே பிளக்கும்.

இரண்டு செங்கல் வரிக்கு நடுவில் இருக்கும் படுக்கைச் சாந்தில், நாலு இஞ்ச் கிரைண்டரால் 35 முதல் 40 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி வெட்டுங்கள். செங்கல்லை வெட்டக் கூடாது, சாந்தை மட்டும். கம்பி விரிசலைத் தாண்டி இரண்டு பக்கமும் அரை மீட்டராவது போக வேண்டும். மேலும் கீழும் ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் ஓரடி முதல் ஒன்றரை அடி. மூலை கிட்டத்தில் இருந்து அரை மீட்டர் கிடைக்கவில்லையென்றால் கம்பியை வளைத்து அடுத்த சுவருக்குள் 100 மில்லிமீட்டராவது கொண்டுபோங்கள். காடியில் தூசியை ஊதி எடுத்து, தண்ணீர் அடித்து, சாந்தைப் பாதி நிரப்பி, கம்பியை அழுத்தி உட்கார வைத்து, மீதியை நிரப்பி மூடுங்கள். தூசி போகாமல் சாந்து வைத்தால் அது செங்கல்லைப் பிடிக்காது, இந்த ஒரு இடத்தில்தான் ஆட்கள் அவசரப்படுவார்கள், பக்கத்தில் நில்லுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், வேலை செய்கிறவர் வேண்டாம் என்றாலும் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

விரிசலின் உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்குச் சுண்ணாம்புக் கூழ். வெளியே விரிசல் வாயைச் சாந்தால் மூடி, ஓரடிக்கு ஒன்று என்று துளை விட்டு, சின்ன பிளாஸ்டிக் குழாய் செருகி, முதலில் வெறும் தண்ணீர் விட்டு உள்ளே நனையுங்கள். அப்புறம் அடித்துளையிலிருந்து ஆரம்பித்துப் புனல் வழியே கூழை விடுங்கள், மேல் துளையில் எட்டிப் பார்த்ததும் கீழே களிமண்ணால் அடைத்துவிட்டு மேலே போங்கள். பம்ப் வைத்து அழுத்தாதீர்கள், பழைய சுவர் வெடித்துத் திறக்கும்.

சாந்து பற்றிக் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன், சிமெண்ட் வேண்டாம். பழைய செங்கல் மென்மையானது, கொஞ்சம் அசைந்து கொடுக்கும், ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். நடுவில் சிமெண்ட் போட்டால் அது மட்டும் கல்லாக நிற்கும், அடுத்த அசைவில் சிமெண்டுக்குப் பக்கத்தில் செங்கல் பிளக்கும், போக வழியில்லாத ஈரம் உப்பாகப் பூத்துப் பூச்சைத் தள்ளும். எங்கள் மேஸ்திரி வைத்தது நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி எனும் செங்கல் தூள் ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் ஒரு பங்கு. கடற்கரை மணலைத் தொடவே கூடாது, உப்பு. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி நசுக்கி, வெல்லத்தோடு தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை விட்டுக் குழைத்தார். சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றுவதானால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தெளித்து, பத்து நாளாவது காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சு ஒரு மாதம் கழித்து. அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்காதீர்கள், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பே போதும்.

நாங்கள் தைத்து முடித்தபின் அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றவில்லை. பூச்சுக்கு வெளியே தலை மட்டும் தெரியும்படி விட்டிருக்கிறோம், வெள்ளையடிக்கும்போது அம்மா அதன் மேல் டேப் ஒட்டிவிடுவாள். குழாயை மாற்றிய கையோடு எடுத்த அளவு 62.6. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிருக்கிறது. போன கார்த்திகையில் 62.6, இந்தச் சித்திரையில் 62.5.